சலாஹுத்தீன் கதை வேண்டாம், சமையல் ஏடுகளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், கொண்டைக்கடலையை வேகவைத்து அரைத்துச் செய்யும் ஹம்முஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். அரபுலகச் சமையலின் வரலாற்றுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் மையச் செய்தியே தவறாக இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீனின் அரண்மனையில் 12-ம் நூற்றாண்டில் ஹம்முஸ் பிறந்தது என்றும், அன்றிலிருந்து இன்றுவரை மாறவே இல்லை என்றும் கட்டுரை சொல்கிறது. கூடவே '800 ஆண்டுப் பழைய செய்முறை' என்ற தலைப்பில் எலுமிச்சைச் சாறு, பூண்டு, தாஹினி (எள் விழுது) சேர்த்து, மேலே சிவப்பு மிளகாய்த்தூள் தூவச் சொல்லும் குறிப்பு ஒன்றும் வந்திருக்கிறது.

மிளகாயிலிருந்தே தொடங்கலாம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்வதற்கு முன் கெய்ரோவிலோ அலெப்போவிலோ யாரும் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆகவே அந்தச் சிவப்புத் தூள் இருக்கும் தட்டு, எவ்வளவு ருசியாக இருந்தாலும், இடைக்காலத் தட்டு ஆகாது.

சலாஹுத்தீன் 1193-ல் இறந்தவர். அவர் பெயரை இந்தப் பண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் சமகாலச் சான்று எதுவும் கிடையாது. இணையத்தில் சுற்றும் மற்ற 'ஆதாரங்களும்' இதே ரகம்தான். பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் அத்திப்பழத்தோடும் அவரையோடும் கொண்டைக்கடலை வருகிறது, உண்மைதான். ஆனால் அது கொறிக்கும் கடலை, அரைத்த பண்டம் அல்ல. பைபிளின் ரூத் ஆகமத்தில் போவாஸ் ரூத்தை அப்பத்தைத் தோய்த்துச் சாப்பிடச் சொல்லும் இடத்தையும் சிலர் காட்டுகிறார்கள். அங்கே தோய்ப்பது காடியில் (வினிகரில்) என்றுதான் வழக்கமான மொழிபெயர்ப்புகள் எல்லாம் சொல்கின்றன. கொண்டைக்கடலை அந்த நிலப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக விளைகிறது. இன்றைய துருக்கியின் தென்கிழக்கில்தான் அது முதலில் பயிராக்கப்பட்டது. கடலை இருந்தது என்பதாலேயே ஹம்முஸும் இருந்தது என்று ஆகிவிடாது.

நம்பி நிற்கக்கூடிய சான்று அரபுச் சமையல் ஏடுகளில் இருக்கிறது. நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது 10-ம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்தது. அதற்குப் பின் 1226-ல், அதே பாக்தாதில், முஹம்மத் இப்னு அல்-ஹசன் அல்-பக்தாதி எழுதியது. அல்-பக்தாதியின் ஏட்டில் கொண்டைக்கடலை அடிக்கடி வருகிறது, ஆனால் இறைச்சிக் குழம்புக்குள் ஒரு கைப்பிடி ஊறவைத்த கடலையாக. அந்த ஏட்டைப் பிற்காலத்தில் எகிப்தில் யாரோ விரிவாக்கி, ஏராளமான புதுக் குறிப்புகளைச் சேர்த்தார்கள். அந்த விரிவான நூலின் பெயர் 'கிதாப் வஸ்ஃப் அல்-அத்இமா அல்-முஃதாதா'. 1373-ல் படியெடுத்த பிரதி ஒன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது. கடலை விழுதும் தாஹினியும் சேர்ந்த 'ஹும்முஸ் கசா' என்ற குறிப்பு இதில்தான் வருகிறது. மம்லூக் சுல்தான்கள் ஆண்ட இதே எகிப்தில் எழுந்த இன்னொரு பெரிய தொகுப்பு 'கன்ஸ் அல்-ஃபவாயித்'. அதில் தாஹினி இல்லாத கடலை விழுது ஒன்று இருக்கிறது. முதல் நூலைச் சார்லஸ் பெர்ரியும் இரண்டாவதை நவால் நஸ்ரல்லாவும் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்கள். கட்டுரையாளர் இந்த இரண்டையும் ஒருமுறை புரட்டியிருந்தாலே போதும்.

ஹும்முஸ் கசாவில் என்ன போகிறது? வேகவைத்து நன்றாக இடித்த கடலை. அதோடு காடி, எண்ணெய், தாஹினி, மிளகு, 'அத்ராஃப் தீப்' என்ற மசாலாக் கலவை, புதினா, பார்ஸ்லி, உலர்ந்த தைம், அக்ரூட், ஹேசல் பருப்பு, பாதாம், பிஸ்தா, இலங்கைக் கருவாப்பட்டை, வறுத்த காரவே விதை, உலர் கொத்தமல்லி விதை, உப்பு, உப்பில் ஊறிய எலுமிச்சை, ஆலிவ் காய். எல்லாவற்றையும் கலக்கி, தட்டையாகப் பரப்பி, இரவு முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் குறிப்பு. பூண்டு இல்லை. எலுமிச்சைச் சாறு இல்லை. நான்கு வகைக் கொட்டைப் பருப்பு. இன்று பெய்ரூட்டிலோ டமாஸ்கஸிலோ கிண்ணத்தில் வழவழவென்று வரும் ஹம்முஸுக்கும் இதற்கும் உறவு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே பண்டம் என்று சொல்லவே முடியாது.

'கன்ஸ்' நூலின் குறிப்பு இதைவிட எளிமையானது, நடைமுறைக்கும் நெருக்கமானது. கடலையை நீரில் வேகவைத்து உரலில் இடி. விழுது மையாக இல்லையென்றால் கோதுமை சலிக்கும் சல்லடையில் தேய்த்து இறக்கு. ஏற்கெனவே மைபோல் இருந்தால் சலிக்க வேண்டாம். திராட்சைமதுக் காடி, ஊறுகாய் எலுமிச்சையின் சதை, கருவாப்பட்டை, மிளகு, இஞ்சி, நல்ல பார்ஸ்லி, புதினா, அருவதா என்ற கசப்பு மூலிகை ஆகியவை சேரும். கடைசியில் நல்ல எண்ணெயைத் தாராளமாக மேலே ஊற்று. 'ஏற்கெனவே மையாக இருந்தால் சலிக்க வேண்டாம்' என்ற அந்த ஒரு வரி போதும், எழுதியவர் உரலுக்குப் பக்கத்தில் நின்றவர் என்று சொல்ல.

எலுமிச்சை அப்போது எகிப்தில் கிடைக்கவில்லை, அதனால்தான் காடி என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். அதுவும் சரியில்லை. சலாஹுத்தீனின் மருத்துவர்களில் ஒருவரான இப்னு ஜுமய் எலுமிச்சைக்கென்றே தனி நூல் எழுதியவர். உப்பிலிட்ட எலுமிச்சைக்கு அவர் சொல்லும் முறை இன்றும் அப்படியே செய்யத்தக்கது. நன்கு பழுத்த, பளிச்சென்ற மஞ்சள் பழத்தை இரண்டாகப் பிரியாதபடி பிளந்து, பிளவில் தூள் உப்பை நிறைய அடைக்க வேண்டும். வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி, பழம் முழுக்க மூழ்கும்வரை எலுமிச்சைச் சாறு ஊற்ற வேண்டும். மெழுகால் வாயை அடைத்து இரண்டு வாரம் வெயிலில் வைத்து, பிறகு குறைந்தது 40 நாள் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மேலும் காத்திருந்தால் மணமும் சுவையும் கூடும் என்கிறார். ஆக, சாறு கைவசம் இருந்தும் இந்தப் பண்டத்துக்குக் காடியையும் ஊறிய பழத்தையும்தான் அந்தச் சமையல்காரர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சலாஹுத்தீனின் பெயரைக் கட்டுரையில் கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் இந்த மருத்துவர் வழியாகக் கொண்டுவந்திருக்கலாம்.

அத்ராஃப் தீப் பற்றியும் ஒரு வார்த்தை. 13-ம் நூற்றாண்டுச் சிரியாவைச் சேர்ந்த 'கிதாப் அல்-வுஸ்லா' என்ற ஏடு இதன் சேர்மானத்தைத் தருகிறது. சாதிக்காய், சாதிபத்திரி, ஏலக்காய், கிராம்பு, ரோஜா மொட்டு, இஞ்சி, மிளகு, பிரிஞ்சி இலை போன்றவற்றோடு வெற்றிலையும் அதில் உண்டு. மிளகு மலபாரிலிருந்து ஏடன் வழியாகச் செங்கடலைக் கடந்து கெய்ரோ போனது. அரேபிய வணிகத்தில் 'காரிமி' என்று பெயர்பெற்ற வணிகர்களின் கையில் இருந்த சரக்கு அது. இத்தனை மசாலாவும் நான்கு வகைப் பருப்பும் சேரும் பண்டம் வசதி படைத்த நகரத்து வீட்டுக்குரியது. ஏழை எளியவர் கடலையை எப்படி அரைத்துத் தின்றார்கள் என்பதை இந்த ஏடுகளை வைத்துச் சொல்ல முடியாது.

இனி செய்முறைக்கு வருகிறோம். கட்டுரையில் வந்த குறிப்பை வைத்துச் செய்தால் பண்டம் கெடும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடலை வேகும்போதே எலுமிச்சைச் சாற்றை ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். எக்காரணம் கொண்டும் அப்படிச் செய்யாதீர்கள். கடலையின் செல் சுவர்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். புளிப்புள்ள நீரில் அது கரையாது. மூன்று மணி நேரம் கொதித்தாலும் கடலைக்குள் மணல்போன்ற நறநறப்பு போகாது. காரத்தன்மையுள்ள, அதாவது சமையல் சோடா கலந்த, நீரில் நேர்மாறாக, பெக்டின் விரைவில் இளகிவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் புளிப்பைப் போலவே கெடுதல் செய்யும், ஏனென்றால் கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிவிடும். காடியோ எலுமிச்சையோ, கடலை முழுக்க வெந்து நசுங்கிய பிறகுதான்.

ஏடுகளில் அளவு கிடையாது. கீழே தருபவை இன்றைய அடுப்புக்கு ஏற்ப நாங்கள் சொல்லும் அளவுகள். வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பு கலந்து 12 மணி நேரம் ஊறட்டும். உப்பிலுள்ள சோடியம் தோலிலிருக்கும் கால்சியத்தை விரட்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு வேகவையுங்கள். அதற்கு மேல் சோடா போனால் சவர்க்கார வாடை வரும், பிறகு எதைச் சேர்த்தாலும் போகாது. பொங்கும் நுரையை எடுத்துவிடுங்கள். திறந்த பாத்திரத்தில் 50 நிமிடத்திலிருந்து 70 நிமிடம், பிரஷர் குக்கரில் ஏறத்தாழ 20 நிமிடம். இரண்டு வருடம் கிடந்த பழைய கடலை இதில் வேகாது. ஊறியும் சுருக்கம் விரியாத கடலையை அப்போதே தூர எறிந்துவிடலாம். வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் குழைய வேண்டும், நடுவில் துளிகூடப் பருக்கை தட்டக் கூடாது. முழுசாக நிற்கிறது, ஆனால் மென்றால் மெத்தென்று இருக்கிறது என்ற பதம் சாலடுக்குப் போதும், இதற்குப் போதாது. வெந்த நீரில் ஒரு கோப்பை எடுத்து வையுங்கள்.

டப்பாக் கடலைதான் இருக்கிறது என்றால், 400 கிராம் டப்பா இரண்டின் நீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் கால் தேக்கரண்டி சோடாவுடன் மீண்டும் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். டப்பாவிலிருந்து நேரே எடுத்து அரைத்தால் விழுது ஒருபோதும் மையாக வராது.

இடிப்பதை, அரைப்பதைச் சூட்டோடு செய்ய வேண்டும். ஆறிய கடலையில் மாவுச்சத்து இறுகிவிடும், விழுது திரிதிரியாக நிற்கும். 'கன்ஸ்' சொல்லும் சல்லடை வேலையும் சூட்டில்தான் சுலபம்; தோல் மேலேயே தங்கிவிடும், தனித்தனியாக உரிக்கத் தேவையில்லை. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஆலிவ் எண்ணெயை அதற்குள் ஊற்ற வேண்டாம். நல்ல ஆலிவ் எண்ணெய் வேகமாகச் சுழலும் கத்தியில் அடிபட்டால் கசந்துபோகும். அதைக் கடைசியில் கையால் கலக்குங்கள்.

ஹும்முஸ் கசாவுக்கு, வெந்த இந்தக் கடலைக்குத் தாஹினி 100 கிராம், திராட்சைமதுக் காடி 45 மில்லி, ஆலிவ் எண்ணெய் 60 மில்லி. வடித்தெடுத்த வெள்ளைக் காடி வேண்டாம். அதன் நெடி மசாலாக்கள் அனைத்தையும் அமுக்கிவிடும். முதலில் தாஹினியையும் காடியையும் தனிக் கிண்ணத்தில் கலக்குங்கள். கலந்த உடனே அது கெட்டியாகிக் கட்டிகட்டியாக நிற்கும். கெட்டுவிட்டது என்று பயந்து பலர் இந்த இடத்தில் எண்ணெயைச் சேர்க்கிறார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். எள் துகள்கள் கொஞ்சம் ஈரத்தைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வந்த இறுக்கம் அது. வேண்டியது இன்னும் தண்ணீர். கடலை வெந்த வெதுவெதுப்பான நீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்தால் மூன்றாவது, நான்காவது கரண்டியில் நிறம் வெளுத்து, இளகி வழியும். அப்போது கடலை விழுதில் சேருங்கள்.

பருப்பு நான்கும் தலைக்கு 30 கிராம், உப்பில்லாதது. மிதமான சூட்டில் லேசாக வறுத்து, பாதியை இடித்து, பாதியைப் பொடியாக நறுக்கிப் போடுவது எங்கள் கணிப்பில் நல்லது. முழுக்க இடித்தால் பருப்பின் எண்ணெய் பிரிந்து விழுது பிசுபிசுக்கும். அக்ரூட்டின் தோல் கசப்பும் சாம்பல் நிறமும் தரும், வறுத்ததும் துணியில் தேய்த்துத் தோலைக் கூடியவரை போக்கிவிடுங்கள். காரல் வாடை அடிக்கும் அக்ரூட் ஒன்று போதும், மொத்தமும் வீண். மிளகுத்தூள், கருவாப்பட்டைத்தூள், வறுத்துப் பொடித்த காரவே ஆகியவை தலா அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, அத்ராஃப் தீப் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். காரவேக்குப் பதில் சாதாரணச் சீரகத்தைப் போடாதீர்கள். தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் மணம் வேறு. உப்பில் ஊறிய எலுமிச்சை ஒன்றைக் கழுவி, கொட்டையை நீக்கி, தோலோடு பொடியாக நறுக்குங்கள். கொட்டை ஒன்று தப்பிப் போனாலும் கசக்கும். ஆலிவ் எட்டுப் பத்து. இந்த இரண்டிலும் உப்பு இருப்பதால், உப்பை எல்லாம் கலந்த பிறகு ருசி பார்த்துப் போடுங்கள். புதினாவும் பார்ஸ்லியும் ஒவ்வொரு கைப்பிடி, ஈரம் போக உலர்த்தி நறுக்கியது.

கலவை பிசைந்த மாவுபோல் கெட்டியாக இருக்க வேண்டும், கிண்ணத்தில் வழியக் கூடாது. தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 14-ம் நூற்றாண்டில் வெளியில்தான் விட்டிருப்பார்கள். ஆனால் கடலை விழுதில் புரதமும் ஈரமும் அதிகம், வேகவைத்தும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் சில உண்டு. இந்த அளவு காடி அவற்றை அடக்கப் போதாது. ஒரே இரவில் மாவுச்சத்து இறுகி, பருப்பு ஈரத்தை இழுத்து, மறுநாள் துண்டாக வெட்டி எடுக்கலாம். புதிதாகக் கலந்தபோது தனித்தனியே துருத்தி நிற்கும் காடியும் கருவாப்பட்டையும் அப்போது அடங்கியிருக்கும். அவசரத்தில் அன்றே தின்றுவிட்டு 'மருந்து வாடை அடிக்கிறது' என்று குறை சொல்பவர்கள் ஏட்டின் கடைசி வரியைத் தவறவிட்டவர்கள்.

'கன்ஸ்' குறிப்புக்கு அதே அளவு கடலை, காடி 30 மில்லி, ஊறிய எலுமிச்சை இரண்டின் சதை மட்டும், கருவாப்பட்டையும் மிளகும் தலா அரைத் தேக்கரண்டி, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி. தாஹினி இல்லாததால் கொழுப்பெல்லாம் ஆலிவ் எண்ணெயிலிருந்துதான் வர வேண்டும். 80 மில்லிக்குக் குறைத்தால் தொண்டையில் அடைக்கும். அருவதா நான்கைந்து இலை போதும், கசப்பு மிஞ்சிவிடும். கர்ப்பிணிகள் அருவதாவைத் தொடவே கூடாது, கருவைக் கலைக்கும் தன்மை அதற்கு உண்டு. இதைச் செய்முறையோடு சேர்த்து அச்சிடுவது அவசியம்.

ஹம்முஸ் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற சண்டையைக் கட்டுரை கடைசியில் தொட்டிருக்கிறது. 2010 மே மாதம் லெபனானில் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். லெபனானின் பரப்பளவு சதுர கிலோமீட்டரில் எவ்வளவோ அதே எண். அதே ஆண்டு ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷில் செய்த 4,090 கிலோவை முறியடிக்கச் செய்தது அது. இந்தப் போட்டிக்கு இடைக்கால ஏடுகளைச் சாட்சிக்கு இழுப்பது முறையல்ல. கெய்ரோவும் டமாஸ்கஸும் அலெப்போவும் அப்போது ஒரே மம்லூக் ஆட்சியில் இருந்தன. சமையல்காரர்களும் சரக்கும் ஏடுகளும் அந்த ஊர்களுக்கிடையே தடையின்றிப் போய்வந்த காலம். எகிப்தில் எழுதப்பட்டது என்பது எழுதிய இடத்தைத்தான் சொல்கிறது, முதலில் அரைத்த இடத்தை அல்ல.

வரும் ஞாயிறு இணைப்பில் சலாஹுத்தீன் பற்றிய வரிக்குத் திருத்தமும், கடலை வேகும்போது எலுமிச்சைச் சாறு ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கையும் வெளியிட வேண்டுகிறோம். இடம் குறைவாக இருந்தால் எச்சரிக்கையை முதலில் போடுங்கள்; அந்தக் குறிப்பை வெட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்